செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் வாட்ச்: மெஷினுக்கு முன்னால் டயலைப் பாருங்கள்

செகண்ட் ஹேண்ட் வாட்ச் ஒன்று கையில் கிடைத்ததும் எல்லோரும் முதலில் செய்வது, அதைக் காதருகே கொண்டுபோவது. டிக் டிக் சத்தம் கேட்டால் நிம்மதி. நானும் அப்படித்தான் தொடங்கினேன். நான் வாங்கிய முதல் செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் ஒரு நாளைக்கு மூன்று நொடிகூடப் பிசகாமல் ஓடியது. ஆனால் பார்சலைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, அதன் ஓரங்களெல்லாம் தேய்ந்த சோப்புக்கட்டி போல மழுங்கியிருந்தன. யாரோ பாலிஷ் சக்கரத்தில் வைத்து ஆசை தீரத் தேய்த்திருக்கிறார்கள். விளம்பரத்தில் இருந்த படங்கள் எல்லாமே நேர் எதிரே நின்று எடுத்தவை. அதில் ஓரம் எங்கே தெரியும்?

அந்த வாட்ச் இன்றும் நன்றாக ஓடுகிறது. ஆனால் எடுத்துக் கட்டத்தான் மனம் வருவதில்லை.

மெஷின் கெட்டால் சரிசெய்யலாம். எண்ணெய் காய்ந்திருந்தால் கழுவிப் புதிதாக இடலாம், பல்சக்கரம் தேய்ந்திருந்தால் மாற்றலாம். சில வாட்சுகளில் மெஷினையே மொத்தமாகக் கழற்றிவிட்டுப் புதிது பொருத்துவது சர்வீஸைவிட மலிவு. டயலில் ஈரம் ஏறிப் புள்ளி விழுந்தாலோ, கேஸின், அதாவது வெளி உலோகக் கூட்டின் கூர்முனை தேய்ந்தாலோ அது திரும்பி வராது. கடிகாரச் சேகரிப்புக்குப் புதியவர்கள் பயப்படுவது மெஷினைப் பற்றி. பயப்பட வேண்டியது டயலையும் கேஸையும் பற்றி. கீழே சொல்வதை எல்லாம் இதை மனதில் வைத்தே படியுங்கள்.

எந்தக் காலத்து வாட்ச்?

முதல் செகண்ட் ஹேண்ட் வாட்ச் கடந்த 25 ஆண்டுகளுக்குள் செய்யப்பட்டதாக இருக்கட்டும். 1960களின் வாட்சுகள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் டயலுக்கு மறுபடி சாயம் பூசியிருப்பார்கள், நான்கு வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்கக் கண் பழக வேண்டும். இருட்டில் ஒளிரும் பூச்சும் ஒரு காரணம். மிகப் பழையவற்றில் ரேடியம் இருக்கும். அதன் பின் வந்த டிரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12 ஆண்டுகள் என்பதால் 1990களில் பூசியதுகூட இன்று ஒளியிழந்து கிடக்கும். பின்னர் புழக்கத்துக்கு வந்த லூமினோவா வகைப் பூச்சில் கதிரியக்கம் கிடையாது, வெளிச்சம் காட்டினால் இன்றும் ஒளிரும். புதிய வாட்சுகளுக்கு உதிரி பாகமும் எளிதாகக் கிடைக்கும்.

அளவு

கேஸின் விட்டத்தை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம். பட்டையைப் பிடித்திருக்கும் கொம்புகள் இருக்கின்றன அல்லவா, மேல் கொம்பு முனையிலிருந்து கீழ்க் கொம்பு முனை வரை உள்ள நீளம்தான் முக்கியம். சீக்கோவின் எஸ்கேஎக்ஸ்007 வாட்சை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் 42 மில்லிமீட்டரைத் தாண்டும், ஆனால் கொம்புக்குக் கொம்பு 46 மி.மீ. அளவுதான் என்பதால் சின்ன மணிக்கட்டிலும் அடக்கமாக உட்காரும். 40 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. நீளமும் உள்ள வாட்ச் அதே கையில் பலகை வைத்துக் கட்டியது போல இருக்கும். விளம்பரத்தில் நீளம் குறிக்கவில்லை என்றால் கேளுங்கள். காகிதத்தில் அந்த அளவுக்கு ஒரு துண்டு வெட்டி மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

செயின் வாட்ச் என்றால், எத்தனை கண்ணி மிச்சம் இருக்கிறது என்பதையும் கேட்டுவிடுங்கள். முந்தைய உடைமையாளர் ஒல்லியாக இருந்து, கழற்றிய கண்ணிகளைத் தொலைத்திருந்தால், கூடுதல் கண்ணி தேடி அலைவது உங்கள் பாடு. சில மாடல்களுக்கு ஒற்றைக் கண்ணியின் விலை கேட்டால் தலை சுற்றும்.

உள்ளே என்ன மெஷின்?

ஆட்டோமேட்டிக் என்றால் கை அசையும்போது ரோட்டர் என்ற அரைவட்டத் தட்டு சுழன்று சுருள்வில்லுக்குச் சாவி கொடுக்கும். எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் இது பொது. வித்தியாசம் அதன் பிறகுதான். விலை பேசுவதற்கு முன் மாடல் எண்ணை வைத்து உள்ளிருக்கும் மெஷினின் பெயரைக் கண்டுபிடியுங்கள். அது தெரிந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

ஸ்விஸ் வாட்சுகளில் நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது ஈடிஏ 2824-2, அல்லது அதன் அச்சு அசலான செலிட்டா எஸ்டபிள்யூ200. மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது நொடிக்கு எட்டு. நொடிமுள் வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரியும். முழுச் சாவியில் சுமார் 38 மணி நேரம் ஓடும். இதைப் பழுதுபார்க்கத் தெரியாத வாட்ச் மெக்கானிக் அரிது. புதியவருக்கு இதைவிடப் பாதுகாப்பான தேர்வு எனக்குத் தெரிந்து இல்லை.

சீக்கோவில் 7எஸ்26 என்ற பழைய மெஷின் 1996-இல் வந்தது. பக்கவாட்டில் இருக்கும் திருகைச் சுற்றிச் சாவி கொடுக்க முடியாது. நேரம் வைக்கத் திருகை இழுத்தால் நொடிமுள்ளும் நிற்காது. இவை குறையல்ல, அதன் வடிவமைப்பே அப்படி. தெரியாதவர்கள் ரிப்பேர் என்று நினைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதன் பின் வந்த 4ஆர் வரிசையும், வேறு கம்பெனிகளுக்காக விற்கப்படும் என்எச்35-உம் இரண்டையும் செய்யும். மணிக்கு 21,600 துடிப்பு, 41 மணி நேரம் ஓட்டம். நான் மேலே சொன்ன, சர்வீஸைவிட மாற்றுவதே மலிவான மெஷின் இதுதான். சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 9015 மெலிதானது, 28,800 துடிப்பு. ரோட்டர் ஒரு பக்கம் சுழலும்போது மட்டுமே சாவி ஏறும், மறுபக்கம் சும்மா சுற்றும். அமைதியான அறையில் அந்தச் சரசரப்பு கேட்கும். பயப்பட வேண்டாம்.

குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள வாட்ச், வாங்குபவர்களுக்கு வால்ஜூ 7750 மெஷின். இதுவும் ஒரு பக்கமாக மட்டுமே சாவி ஏற்றிக்கொள்ளும். ரோட்டர் மறுபக்கம் சுழலும்போது மணிக்கட்டில் ஒரு குலுங்கலே தெரியும். சிலருக்கு அது பிடிக்கும். சர்வீஸ் செலவு மூன்று முள் வாட்சைவிடக் கணிசமாக அதிகம் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

செகண்ட் ஹேண்டில் நான் தொடவே மாட்டேன் என்று சொல்லும் ஒன்று உண்டு: ஸ்வாட்ச்சின் சிஸ்டம்51. 2013-இல் வந்தது, 51 பாகங்கள், 90 மணி நேர ஓட்டம், கெட்டிக்காரத்தனமான மெஷின். ஆனால் திறந்து சர்வீஸ் செய்யும்படி அதை அமைக்கவில்லை. புதிதாக வாங்கி நின்றுபோகும்வரை கட்டலாம். இன்னொருவர் ஏழு ஆண்டு கட்டியதை வாங்குவானேன்?

விலையை எப்படிக் கணிப்பது

விற்பவர்கள் கேட்கும் விலை விலையே அல்ல. விற்றுமுடிந்த விலைதான் விலை. அதே மாடல் எண், அதே டயல் நிறம், ஏறக்குறைய அதே ஆண்டு, இப்படிப் பத்துப் பன்னிரண்டு வாட்சுகள் என்ன விலைக்குப் போயின என்று சில வாரம் குறித்துவையுங்கள். ஏல இணையதளங்களில் முடிந்த ஏலங்களைத் தனியாக வடிகட்டிப் பார்க்க முடியும். இந்தச் சில வாரங்களில் உங்களை அறியாமலே கண் பழகிவிடும். எது நல்ல டயல், எது சுமார் என்று சொல்லிவிடுவீர்கள்.

அடுத்து சர்வீஸ். கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது என்பதற்கு ரசீது இருந்தால் அதை நம்புங்கள். "போன வருஷம்தான் பார்த்தது" என்ற வாய்வார்த்தை மட்டும் இருந்தால், ஆகவில்லை என்றே வைத்துக்கொண்டு, முழுச் சர்வீஸ் செலவை விலையோடு கூட்டிக் கணக்குப் போடுங்கள். கூட்டிய தொகை, இன்னொருவர் ரசீதோடு விற்கும் வாட்சின் விலையைத் தாண்டினால், மலிவாகத் தெரிவது மலிவல்ல.

பெட்டியும் உத்தரவாத அட்டையும் இருந்தால் விலை கூடும். அட்டைக்குக் கொடுக்கலாம், அதில் உள்ள எண் கேஸில் உள்ள எண்ணோடு பொருந்தினால் வாட்சின் வயதும் தெரிந்துவிடுகிறது. வெறும் பெட்டி தனியாகவே விற்கிறது, அதற்கென்று நான் கூடுதலாகக் கொடுப்பதில்லை.

யாரிடம் வாங்குவது

கம்பெனியே சரிபார்த்ததை அதன் அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்குவது ஒரு வழி; ரோலெக்ஸ் 2022 டிசம்பரில் இந்த ஏற்பாட்டைத் தொடங்கியது. கவலை குறைவு, விலை அதிகம். செகண்ட் ஹேண்ட் வாட்ச் மட்டுமே விற்கும் வியாபாரிகள் அடுத்து. திருப்பி அனுப்பும் காலக்கெடுவும் சில மாத உத்தரவாதமும் எழுத்தில் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். குரோனோ24 போன்ற சந்தைத்தளங்களில், வாட்ச் வந்துசேரும்வரை பணத்தைத் தளமே பிடித்துவைத்திருக்கும் வசதி உண்டு. தனிநபரிடம் வாங்கினால்தான் விலை குறையும், அங்கேதான் ஆபத்தும். திரும்பப் பெற வழியில்லாத முறையில் பணம் அனுப்பச் சொன்னால், எவ்வளவு நல்லவராகப் பேசினாலும் விலகிவிடுங்கள்.

தனிநபர் என்றால் ஒரு படம் கட்டாயம் கேளுங்கள்: ஒரு துண்டுச் சீட்டில் அவர் பெயரும் அன்றைய தேதியும் எழுதி, வாட்சைப் பக்கத்தில் வைத்து எடுத்த படம். வாட்ச் அவரிடம்தான் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. விற்பவர் முகம் சுளித்தால் அதுவே பதில்.

படங்களைப் படிப்பது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். நான் ஒரு விளம்பரத்தில் அரை மணி நேரம்கூட உட்கார்ந்ததுண்டு.

முதலில் டயல். படத்தைப் பெரிதாக்கி, எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, மணிக்குறிகள் நேராக ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஓரங்களில் வெளிறல், முள்ளின் நடுவில் துரு போன்ற புள்ளி, தேதிச் சாளரத்தைச் சுற்றிக் கறை என்று எது தெரிந்தாலும் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். அந்த வாட்சின் மெஷின் நன்றாக ஓடினாலும் எனக்கு வேண்டாம். டயலில் ஏறியது மெஷினிலும் ஏறியிருக்கும். திறக்கும் நாளில்தான் வெளியே தெரியும்.

டார்ச் காட்டிவிட்டு இருட்டில் எடுத்த படமும் கேளுங்கள். முட்களும் டயல் குறிகளும் ஒரே நிறத்தில், ஏறத்தாழ ஒரே அளவில் ஒளிர வேண்டும். முட்கள் மட்டும் நீலமாக, டயல் பச்சையாக ஒளிர்ந்தால் முட்கள் மாற்றப்பட்டிருக்கலாம். சில மாடல்களில் நிமிட முள்ளுக்கு மட்டும் வேறு நிறம் கொடுப்பதே வழக்கம்; ஆகவே அதே மாடலின் புது வாட்ச் படத்தோடு ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வாருங்கள்.

பிறகு கேஸ். சாய்வாக வைத்து, வெளிச்சம் விளிம்பில் ஓடும்படி எடுத்த படம் வேண்டும். பளபளப்பான பரப்பும் மங்கலான கோட்டுப் பரப்பும் சந்திக்கும் இடம் கத்தியால் வெட்டியது போல இருக்க வேண்டும். அந்தக் கோடு கரைந்து ஓடினாலோ, நான்கு கொம்புகளில் ஒன்று மற்றதைவிட ஒல்லியாக இருந்தாலோ பாலிஷ் சக்கரம் வேலை செய்திருக்கிறது. பத்து ஆண்டு கட்டிய வாட்சில் கீறலே இல்லை என்றாலும் சந்தேகப்படுங்கள். நேர்மையான கீறல் எனக்குப் பிடிக்கும். அது கேஸின் உலோகம் இன்னும் முழுசாக இருக்கிறது என்று சொல்கிறது.

பின்மூடியில் திறக்கும் பள்ளங்களைச் சுற்றிக் கிறுக்கல்கள் இருந்தால், சரியான கருவி இல்லாதவர் திறந்திருக்கிறார். சீக்கோ என்றால் அங்கே உள்ள வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி எழுத்து வரும். பத்தாண்டுக்கு ஒருமுறை அதே எண் திரும்பும் என்பதால், அந்த மாடல் எந்த ஆண்டுகளில் விற்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எஸ்கேஎக்ஸ்007 என்றால் 1996-இலிருந்து 2019 வாக்கில் நிற்கும்வரை. மூடி 2004 என்று சொல்ல, உள்ளே 4ஆர் மெஷின் இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது தவறில்லை, அதைச் சொல்லாமல் விற்பதுதான் தவறு.

செயினைப் பக்கவாட்டில் கிடைமட்டமாகப் பிடித்து எடுத்த படமும் வேண்டும். மாலை போலத் தொங்கினால் கண்ணிகள் தேய்ந்திருக்கின்றன.

டைம்கிராஃபர் படம்

வாட்சின் துடிப்பை ஒலிவாங்கியால் கேட்டு அளக்கும் சின்னக் கருவி இது. பல விற்பனையாளர்களிடம் இருக்கும். திரையில் மூன்று எண்களைப் பாருங்கள். நாளொன்றுக்கு எத்தனை நொடி முன்னே பின்னே ஓடுகிறது என்பது முதல் எண். எல்லோரும் பார்ப்பது இதை மட்டும்தான், ஆனால் எளிதாகத் திருத்தக்கூடியதும் இதுவே. ஒப்பிட்டுப் பார்க்க: காஸ்க் என்ற ஸ்விஸ் சோதனை அமைப்பு துல்லியத்துக்குத் தரும் குரோனோமீட்டர் சான்றின் சராசரி வரம்பு நாளுக்கு -4 முதல் +6 நொடி. சாதாரண 7எஸ்26-க்குக் கம்பெனியே சொன்ன வரம்பு -20 முதல் +40.

இரண்டாவது வீச்சு, அதாவது சமநிலைச் சக்கரம் எத்தனை பாகை ஆடுகிறது என்பது. முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க வைத்தால், ஸ்விஸ் மெஷின்களில் 270-லிருந்து 310 பாகை வரை நல்லது. 220-க்கும் கீழே என்றால் சர்வீஸ் காத்திருக்கிறது. சீக்கோ மெஷின்கள் இயல்பாகவே கொஞ்சம் குறைவாகக் காட்டும். மூன்றாவது துடிப்புப் பிழை, அதாவது டிக்குக்கும் டாக்குக்கும் இடையே உள்ள நேர வித்தியாசம். மில்லிநொடியில் வரும், ஒன்றுக்குக் கீழே இருந்தால் போதும்.

வீச்சைக் கணக்கிடக் கருவிக்குக் கொடுக்க வேண்டிய எண் ஒன்று உண்டு, தூக்குக் கோணம் என்பார்கள்; மெஷினுக்கு ஏற்றபடி அதை வைத்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். 2824-க்கு 50, என்எச்35-க்கு 53. தவறாக வைத்தால் வீச்சு எண்ணே பொய் சொல்லும்.

கையில் வந்தபின்

நேரில் பார்த்தாலும் சரி, பார்சலில் வந்தாலும் சரி, முதலில் திருகு. மரையிட்ட திருகு என்றால் லேசாக அழுத்திச் சுற்றியதுமே பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று முறை முயன்றும் வழுக்கினால் மரை தேய்ந்திருக்கிறது. தண்ணீருக்கு வாசல் திறந்தே கிடக்கிறது.

திருகால் மெதுவாகச் சாவி கொடுங்கள். 2824 அல்லது எஸ்டபிள்யூ200 என்றால், சாவி கொடுக்கும்போது உள்ளே ரோட்டரும் சேர்ந்து விர்ரென்று சுற்றுகிறதா என்று கவனியுங்கள். சுற்றினால், ரோட்டர் எந்தப் பக்கம் சுழன்றாலும் சாவி ஏறச் செய்யும் திசைமாற்றிச் சக்கரங்களில் எண்ணெய் காய்ந்து ஒட்டிப்போயிருக்கிறது. சர்வீஸ் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. விலையைக் குறைக்கப் பேசுவதற்கும் இதுவே நல்ல பிடி.

தேதியைத் தனியாக மாற்றும்முன் முட்களை ஆறு மணிக்குக் கொண்டுபோங்கள். இரவு ஒன்பதிலிருந்து அதிகாலை மூன்று வரை தேதி மாற்றும் பற்கள் ஏற்கெனவே கோர்த்துக்கொண்டிருக்கும். அப்போது வலுக்கட்டாயமாகத் திருப்பினால் பல் உடையும். ஏற்கெனவே யாராவது உடைத்துவிட்டார்களா என்பதை அறிய, முட்களை நள்ளிரவைத் தாண்டிச் சுற்றி, தேதி முழுதாக மாறிச் சாளரத்தின் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். குரோனோகிராஃபில் பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்தினால் ஸ்டாப்வாட்ச் முட்கள் எல்லாம் சரியாகத் தத்தம் பூஜ்யக் குறியில் வந்து நிற்க வேண்டும்.

திடீரென்று நாளுக்கு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் வேகமாக ஓடுகிறதா? பதறாதீர்கள். பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். திசைகாட்டி அருகே வாட்சைக் கொண்டுபோனால் முள் துள்ளும். காந்தம் நீக்கும் கருவி சில நொடியில் சரிசெய்துவிடும்.

போலியும் திருட்டும்

விலை உயர்ந்த வாட்ச் என்றால் படங்களை வைத்து அசல் என்று நீங்களோ நானோ சொல்ல முடியாது. இன்றைய போலிகளில் எடை, எழுத்து, மெஷினின் தோற்றம் வரை நகல் இருக்கிறது. வரிசை எண் கம்பெனிப் பதிவில் இருப்பதும் நிரூபணமல்ல. உண்மையான எண்ணையே திருடிப் பொறிப்பார்கள். அந்த விலையில் வாங்கும்போது, திருப்பி அனுப்பும் காலக்கெடுவுக்குள் நம்பகமான வாட்ச் மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்துப் பின்மூடியைத் திறந்து பார்ப்பதுதான் ஒரே வழி. திருட்டு வாட்சா என்பதை, தொலைந்த வாட்சுகளின் பட்டியல் வைத்திருக்கும் தி வாட்ச் ரெஜிஸ்டர் போன்ற பதிவேட்டில் கட்டணம் கட்டித் தேடலாம். விற்பவர் பெயர், வாட்ச் எண், தேதி மூன்றும் உள்ள ரசீதை வாங்கிக்கொள்ளாமல் வராதீர்கள்.

முதல் வாரம்

முழுச் சாவி கொடுத்து, கட்டாமல் மேசையில் வைத்துவிடுங்கள். எத்தனை மணி நேரம் ஓடி நிற்கிறது என்று குறியுங்கள். 38 மணி ஓட வேண்டியது 25-இல் நின்றால் திருப்பி அனுப்புவதற்கோ விலை குறைப்பதற்கோ காரணம் கிடைத்துவிட்டது. கையால் சாவி ஏறாத 7எஸ்26 என்றால் ஒரு முழு நாள் கட்டிவிட்டு இதைச் செய்யுங்கள். பிறகு ஓர் இரவு டயல் மேலாக, ஓர் இரவு திருகு மேலாக வைத்து எவ்வளவு பிசகுகிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் மெக்கானிக்கிடம் சொல்ல அந்த எண்களே போதும்.

டயலில் 200 மீட்டர் என்று எழுதியிருக்கலாம். அது ரப்பர் வளையங்கள் புதிதாக இருந்த நாளின் கணக்கு. அழுத்தச் சோதனை செய்து வளையங்களை மாற்றும்வரை கை கழுவும்போதுகூட நான் கழற்றி வைத்துவிடுவேன். செயினை மட்டும் தனியே கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துப் பாருங்கள். முந்தைய உடைமையாளரின் எத்தனை வருட வியர்வை கண்ணிகளுக்குள் இருந்தது என்று அந்தத் தண்ணீரின் நிறம் சொல்லும்.